கொளுக்கி இல்லாத விமானம்

நான் கட்டி முடித்த பிளாஸ்டிக் விமானங்கள் ஏழு. ஏழும் கடற்படை விமானங்கள். தரையில் இறங்குகிற விமானங்களில் எனக்கு மரியாதை கிடையாது. ஒரு மைல் நீளத்துக்குத் தார் போட்டுக் கொடுத்தால் மாடும் இறங்கும். நடுக்கடலில் ஆடிக்கொண்டிருக்கிற கப்பலின் மேல்தட்டில் இறங்குவதுதான் இறக்கம்.

இந்தப் பைத்தியம் எனக்குத் திருகோணமலையில் பிடித்தது. 1956 இல் அங்கே தபாற்கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். துறைமுகம் இன்னும் வெள்ளைக்காரனின் கையில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கடற்கரைப் பக்கம் போனால் சில நாட்களில் பெரிய கப்பல் ஒன்று நிற்கும். அதன் மேல்தட்டில் விமானங்கள் சிறகுகளை மடித்து வைத்துக்கொண்டு, கூட்டில் அடைந்த கோழிகளைப் போல நெருக்கமாக நிற்கும். அடுத்த வருடம் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்சக் காலத்தில் எனக்கும் மாற்றம் வந்தது. ஊர்காவற்றுறைத் தீவில், கரம்பொன்னுக்குக் கிட்ட ஒரு சிறிய தபாற்கந்தோர். அங்கே ஆகாயத்தில் காகம் பறந்தது.

கொழும்பில் வேலை பார்த்த மைத்துனர் விடுமுறைக்கு வரும்போது ஒரு பெட்டி வாங்கி வருவார். மூடியில் கடலும் நெருப்பும் புகையுமாக ஒரு படம் இருக்கும். உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில் துண்டுகள் காய்த்துத் தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி, அரம் போட்டு, பசை வைத்து ஒட்ட வேண்டும். பெட்டியோடு வருகிற பசை நம்முடைய வெயிலுக்குப் பாதியிலேயே இறுகிவிடும். பிறகு படகுக்காரரிடம் பெயின்ற் கரைக்கிற தின்னர் வாங்கி, மிஞ்சிய சட்டத்தை அதில் ஊறவைத்துக் கூழாக்கி ஒட்டினேன். பெயின்றும் படகுக்காரர் கொடுத்ததுதான். ஆகவே என்னுடைய கடற்படை முழுவதும் எங்கள் துறையில் நின்ற வள்ளங்களின் நிறத்தில் இருந்தது.

ஏழாவது விமானம் பழைய காலத்து இரட்டைச் சிறகு விமானம். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சிறகுகள், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், வயிற்றுக்குக் கீழே கப்பலைத் தகர்க்கிற ஒரு டோர்பிடோ. கம்பிகளுக்கு மீன்வலை நைலோன் நூலைப் பாவித்தேன். ஐந்து மாதம் எடுத்தது. என் கையால் செய்தவற்றில் நான் வெட்கப்படாமல் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.

அதில் ஒரு குறை இருந்தது. கப்பலில் இறங்குகிற விமானத்துக்குப் பின்பக்கத்தின் அடியில் ஒரு கொளுக்கி இருக்கும். மேல்தட்டில் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பியில் அந்தக் கொளுக்கி மாட்டினால் விமானம் நிற்கும். மாட்டாவிட்டால் நேராகக் கடலுக்குள் போகும். முத்திரை வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் கேட்காவிட்டாலும். இந்த விமானத்தின் கொளுக்கியை ஒட்டப் போகையில் அது நான் பிடித்திருந்த சாவணத்தின் நுனியிலிருந்து தெறித்து எங்கோ போய்விட்டது. நெல்மணியில் பாதிகூட வராத துண்டு. மூன்று நாள் முழந்தாளில் நின்று தேடினேன். ஒரு கோழியின் மேல் சந்தேகம் இருந்தது. அந்தக் கோழி கறியானபோது இரைப்பையைத் திறந்து பார்த்தேன். இல்லை. கொளுக்கி பூட்டுகிற துவாரத்தை அப்படியே விட்டு, விமானத்தை அலுமாரிக்குள் வைத்தேன். கவிழ்த்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றது. சீனிக்கே வரிசையில் நின்ற காலத்தில் விமானத்தைப் பற்றிப் பேசினால் அடி விழும். ஏழோடு என் உற்பத்தி முடிந்தது. மனைவி தன் பீங்கான் கோப்பைகளை வைக்க ஒரு தட்டு கேட்டாள். கொடுக்கவில்லை.

எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். எழுபதுகளின் கடைசியில் அந்தப் பெடியன் மேற்கு ஜெர்மனிக்குப் புறப்பட்டான். மொஸ்கோ வழியாகக் கிழக்கு ஜெர்மனியில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கே போய்விடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் போன இரண்டாம் கிழமையிலிருந்து அக்கா ஒவ்வொரு நாளும் கந்தோருக்கு வந்தார். நான் தபால் பையை அவிழ்த்துக் கொட்டும்போது யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"கடிதம் ஏதும் வந்ததோ, தம்பி?"

"இல்லை அக்கா."

"வடிவாப் பாத்தனீரோ?"

இருபது வருட சேவை உள்ளவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் கோபம் வரும். எனக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் வந்தது.

ஏழாம் கிழமை அவர் கந்தோருக்கு வராமல் வீட்டுக்கு வந்தார். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். கண் நோய்க்குக் கண், கால் நோவுக்குக் கால், பிள்ளை வரத்துக்குத் தொட்டில் என்று வெள்ளித் தகட்டில் செய்து வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அக்கா விமானம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். நகை செய்கிற பத்தர் விமானத்தைக் கிட்டக் கண்டதில்லை. அவர் அடித்துக் கொடுத்ததை அக்கா சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துக் காட்டினார். சிறகு இருந்தது, வால் இருந்தது. ஆனால் அது திருக்கை மீன்.

"அம்மாளாச்சிக்கு விளங்காது, தம்பி. உம்மட்டை ஏழு நிக்குது. ஒண்டைத் தாரும்."

அலுமாரியைத் திறந்தேன். முதலாவதாகக் கட்டிய, கண்ணாடி மூடி மங்கிப்போன ஒற்றைச் சிறகு விமானத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. விரல் நேரே இரட்டைச் சிறகுக்குப் போனது.

"இது நல்லது. ஒரு செட்டை முறிஞ்சாலும் மற்றது இருக்கும்."

விமானவியலில் அது சரியல்ல என்று விளக்கத் தொடங்கினேன். அசல் விமானமே ஐந்நூறு மைல் போனால் பெற்றோல் தீர்ந்துவிடும், மொஸ்கோ எங்கே, இது எங்கே என்றும் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நீர் முந்திச் சொன்ன அந்தக் கொளுக்கி இதுக்கு இருக்கோ? இறங்கேக்கை பிடிச்சு நிப்பாட்டுறது?"

எனக்கு ஐந்து மாத வேலை கைவிட்டுப் போகிற எரிச்சல். கந்தோர் திறக்கிற நேரமும் ஆகிவிட்டது.

"ஓம் அக்கா. உள்ளுக்கை மடிச்சுக் கிடக்கு."

அவர் விஸ்கோத்து டின் ஒன்றில் பஞ்சு பரப்பி விமானத்தை வைத்து எடுத்துக்கொண்டு போனார். அலுமாரியில் விழுந்த இடைவெளியில் மனைவி அன்று பின்னேரமே ஆறு கோப்பைகளை அடுக்கிவிட்டாள்.

விமானம் கோயிலுக்குப் போய் அறுபத்துமூன்றாம் நாள் கடிதம் வந்தது. நீல நிற வான்கடிதம். பெடியன் இடையில் எங்கோ பிடிபட்டு, விடுபட்டு, ஒரு முகாமில் இருந்தான். சோறு இல்லை, குளிர், மற்றும்படி சுகம் என்று எழுதியிருந்தான். அக்கா யன்னலுக்கு வெளியே நிலத்தில் குந்தியிருந்து அழுதார். நான் கியூவில் நின்றவர்களுக்கு முத்திரை கொடுத்தேன்.

இதோடு முடிந்தது என்றிருந்தேன். சில மாதம் கழித்துக் கோயில் ஐயரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "தங்கள் விமானத்தின் இடப்பக்க மேற்சிறகு கழன்றுவிட்டது. நேர்த்திக்காரர் காத்திருக்கிறார்கள். உடன் வரவும்."

போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. வெள்ளிக் கண்ணும் காலும் தட்டில் இருக்கும். நேர்த்திக்காரர் காணிக்கை போட்டுவிட்டு ஒன்றை எடுத்து, கோயில் வீதியைச் சுற்றி வந்து, திரும்பவும் தட்டில் வைப்பார்கள். அடுத்தவர் அதையே எடுப்பார். என் விமானத்தையும் ஐயர் அந்தத் தட்டில் சேர்த்துவிட்டார். அல்லைப்பிட்டி, எழுவைதீவு என்று எல்லா இடத்திலிருந்தும் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார் வந்து அதைத் தூக்கிக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள். ஐயர் கணக்கில் அதுவரை பதினொரு தடவை. தட்டிலிருந்து கிளம்பித் தட்டிலேயே இறங்குகிற விமானம். கடற்படை விமானத்துக்குப் பொருத்தமான சேவைதான்.

சிறகெல்லாம் சந்தனமும் குங்குமமும். எந்த நாட்டுக் கடற்படையும் பாவிக்காத நிறம். துடைக்கப் போனேன். ஐயர் தடுத்தார். பிறகு டோர்பிடோவைக் காட்டிக் கேட்டார்.

"கீழை தொங்கிறது என்ன?"

"பெற்றோல் தாங்கி."

"அது வேணும்தான். தூரம் போறவையள்," என்றார்.

அதன் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோயிலுக்குப் போகக் குறிகட்டுவானில் லோஞ்ச் படகு ஏறினேன். ஒருமுறை சில்லு, ஒருமுறை வால், ஒருமுறை கம்பிகள் முழுவதும். ஒவ்வொரு தடவையும் கவிழ்த்து வைத்து வேலை செய்தபோது அந்தத் துவாரம் என்னைப் பார்த்தது. அதை நிரப்ப எனக்குத் தோன்றவில்லை. கொளுக்கி இல்லாமலே எல்லாப் பெடியன்களும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கடிதங்களைக் கொடுத்தவனே நான்.

எண்பதுகள் தொடங்கின. என் மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. ஊரில் நிற்கிற இளம் பெடியன்களை நினைத்து எல்லா வீட்டிலும் பயம். அவனும் அதே வழியால் புறப்பட்டான். போகிற அன்று என் அலுமாரியைப் பார்த்து, "அப்பா, நான் போறது தரையிலை இறங்கிற பிளேன். நீங்கள் மரியாதை குடுக்க மாட்டியள்," என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

மூன்று கிழமையாகக் கடிதம் இல்லை. தபால் பையைக் கொட்டினேன், அடுக்கினேன், திரும்பவும் கொட்டினேன். கிழிந்த தையலுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். மேசைக்குக் கீழே பார்த்தேன். யன்னலுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. ஆனாலும் "வடிவாப் பாத்தனீரோ" என்ற குரல் காதில் கேட்டது.

நாலாம் கிழமை கடையில் கிடைத்ததில் மிகச் சின்னத் தூண்டில் ஊசி ஒன்றை வாங்கினேன். முள்ளை அரத்தால் ராவி எடுத்து, தண்டைக் குறுக்கி, வள்ளத்துப் பெயின்ற் பூசினேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அசல் விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுக்குச் சரியாக இருக்கவேண்டும், அதற்காகத்தான் செய்கிறேன் என்று சொன்னேன். அவள் விளக்கைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் புறப்படுகிற நேரத்தில் மனைவிக்குக் காய்ச்சல். அக்கா தானாகவே கூட வந்தார். கோயில் மண்டபத்தின் மூலையில் குந்தியிருந்து, விமானத்தைக் கவிழ்த்து, துவாரத்தில் கொளுக்கியை ஒட்டினேன். பசை காயும்வரை விரலால் பிடித்திருந்தேன். அக்கா குனிந்து பார்த்தார்.

"இப்ப போட்டிட்டீர்."

"ஓம்."

"முந்தி இருக்கேல்லை."

நான் கொளுக்கியில் வைத்த விரலை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும், தம்பி. அண்டைக்கு லோஞ்சிலை வரேக்கை டின்னைத் திறந்து பிரட்டிப் பாத்தனான். ஓட்டை மட்டும்தான் கிடந்தது."

"திருப்பிக் கொண்டுவந்து கேட்டிருக்கலாமே, அக்கா."

"ஆசையாக் கட்டினதைத் தந்தனீர். அதிலை குறை சொல்லக் கூடாதெண்டு விட்டிட்டன். ஆனா அவன்ரை கடிதம் வருமட்டும் நான் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. கண்ணை மூடினால் பிளேன் நிக்காமல் கடலுக்கை போகும்."

அவர் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு அதில் பழக்கம் உண்டு. வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி வெட்கப்பட்டதில்லை. ஐயர் கூப்பிட்டார். விமானத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வெயிலில் சுட்ட மணலில் வீதியைச் சுற்றினேன். அக்கா பின்னால் வந்தார்.

என் மகனின் கடிதம் அதற்குப் பிறகு பத்தொன்பதாம் நாள் வந்தது. அந்தப் பத்தொன்பது இரவும் நான் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குக் கொளுக்கி இருந்தது. அக்கா அறுபத்துமூன்று இரவு அது இல்லாமல் கிடந்திருக்கிறார். அத்தனை பகலும் கந்தோர் யன்னலில் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்.