அப்பாவைப் போல நடந்தவர்

டிவியில் ஒருத்தன் எங்கள் ராயபுரத்துப் பேச்சைப் பேசிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாதா கோயில் திருவிழாவுக்கு அப்பா ஒரு நாடகம் எழுதினார். ஹார்பரில் மூட்டை சரிந்து விழுந்ததில் அவருக்கு ஒரு கால் ஊனம். அங்கே கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூலிக்காரர்களை அதட்டும் சூப்பர்வைசரைத்தான் நாடகம் கேலி செய்தது. அந்த வேஷம் அப்பாவின் தோஸ்து சவரி மாமாவுக்கு.

கருவாடு வறுபடும் வாசனைக்கு நடுவே எங்கள் வீட்டில்தான் ஒத்திகை. "நேரா கேட்டா வேலையவுட்டுத் தூக்கிடுவான், சவரி. சிரிக்க வெச்சுகினே கேக்கணும். வூட்டுக்குப் போனப்புறம் அவனுக்குச் சுருக்குனு குத்தணும்" என்பார் அப்பா.

திருவிழாவன்று நிஜ சூப்பர்வைசருக்கே மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மேடையேறிய சவரி மாமா அவரைப் பார்த்தார். கர்சீப்பைப் பைக்குள் திணித்தார். பிறகு அப்பாவைப் போலவே காலை இழுத்துக்கொண்டு நடந்து, "கால் நோவுது தொர, குந்திகினே தூக்கட்டா?" என்று கெஞ்சினார்.

சூப்பர்வைசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அதைப் பார்த்து மூட்டை தூக்குகிறவர்களும் சிரித்தார்கள். மேடையோரம் நின்ற அப்பா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கிய அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரி மாமா சீக்கிரமே மேஸ்திரி ஆனார். அப்பா அப்புறம் எதுவும் எழுதவில்லை.

"நீ ஏம்மா சிரிக்கல?" என்றான் என் மகன்.

"உன் தாத்தா இப்டித்தான்டா நடப்பாரு."

அதற்கப்புறம் டிவி மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தது.