பெரியவர் உதைக்கும்போது நான் குசினியில்

எழுபதுகளில், ஊரை விட்டுக் கடல் கடந்து வந்த புதிதில், பார்க்டேலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஊர்ப் பொடியன்கள் நாங்கள் ஐந்து பேர் ஒன்றாகக் குடியிருந்தோம். வயதில் நான் மூத்தவன். படிப்பில் கடைசி, ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாண் சுடும் ஆலையில் மா குழைக்கும் வேலை. பேச்சு எனக்கு வராது. யாராவது பேசினால் சிரிப்பேன். கூடப் பேசினால் தேநீர் போட எழுந்து போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லையில் கிடக்கும் பெரிய ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அமெரிக்கக் கால்பந்து எங்கள் தொலைக்காட்சியில் புள்ளி புள்ளியாக வந்து சேரும். கால்பந்து என்றுதான் பெயர். எல்லோரும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஆடுகளைப் போல முட்டிக்கொள்வார்கள். மைதானத்தின் முடிவில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவதற்கென்று தனியாக ஒருவர் இருந்தார். எனக்கு அவரைத்தான் பிடித்தது. நரைத்த தலை. வயது போய்விட்டது என்று இரண்டு குழுக்கள் அனுப்பிவிட்ட பிறகு, மூன்றாவது குழுவில் நாடறிந்த பெயர் வாங்கியவர். எங்கள் வீட்டில் அவர் பெயர் 'பெரியவர்'. மற்றவர்கள் முட்டி முடியும்வரை மேலங்கி போர்த்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் வாங்கில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் வருவார். ஒருவன் பந்தைப் புல்லில் நிமிர்த்திப் பிடிப்பான், இவர் உதைப்பார், திரும்பிப் போய் இருப்பார். யாரோடும் ஒரு வார்த்தை கிடையாது. இப்படியும் ஒரு வேலை இருக்கிறதே என்று பொறாமைப்பட்டேன்.

ஒருநாள் அவர் உதைத்த நேரம் நான் சோற்றை இறக்கக் குசினிக்குப் போயிருந்தேன். பந்து நேராகப் போனது. அடுத்த முறை இருந்து பார்த்தேன். தவறியது. வங்கியில் வேலை செய்த தம்பி ஊரில் வானொலியில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவன். ஆட்டம் நன்றாகப் போகும்போது கதிரையை விட்டு யாரையும் அசையவிடாத வீடு அவனுடையது.

"அண்ணை, நீங்கள் பாத்தால் குறி பிழைக்குது. குசினிக்குப் போங்கோ."

"உது விசர்க்கதை," என்றான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பி. "பந்துக்கு அண்ணையைத் தெரியுமே?"

"போனமுறை அவர் இருந்து பாத்தவர். என்ன நடந்தது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குசினிக்குப் போனேன்.

அன்றிலிருந்து, "அண்ணை, பெரியவர் எழும்பிட்டார்!" என்று சத்தம் வந்தால் ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன். உள்ளே ஆரவாரம் கேட்கும். நான் வரும்போது பெரியவர் வாங்கில் இருப்பார். அவர் தண்ணீர் குடிக்கும் விதம் எனக்குத் தெரியும், மூக்குச் சிந்தும் விதம் தெரியும். அதற்குப் பிறகு ஒரு பந்து உள்ளே போவதை மட்டும் பார்த்ததில்லை. ஒன்றாவது பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. கேட்க வாய் வரவில்லை.

அப்புறம் அவருடைய கடைசி ஆட்டம் வந்தது. நானும் இருந்து பார்க்கட்டுமா என்று கேட்டே தீருவது என்று கிழமை முழுக்க மாவோடு சேர்த்து மனத்தையும் குழைத்துப் பதப்படுத்தி வைத்திருந்தேன். முடியும் நேரம், அவருடைய குழு இரண்டு புள்ளி பின்னால். அவர் உதைத்து உள்ளே போனால் மூன்று புள்ளி, வெற்றி.

"அண்ணை, எழும்பிட்டார்!"

நானும் எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி வேணுமோ?" என்றேன்.

குசினியில் கேத்தலைப் பிடித்தபடி நின்றபோது வங்கித் தம்பி வாசலில் வந்து நின்றான்.

"வாங்கோ அண்ணை. கடைசி உதை. பிழைச்சால் பிழைக்கட்டும்."

"வேண்டாம் தம்பி, தோத்துப்போவினம்."

"வாங்கோ எண்டிறன்!"

சோபாவின் நடுவில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். படிக்கிற தம்பி என் முழங்காலை இறுக்கிப் பிடித்தான். பெரியவர் பின்னால் காலடி வைத்துத் தலையைக் குனிந்தார். பாவம், இந்த வயதில், என்னால் இவருக்கு ஏன் கெட்ட பெயர்? பந்தைப் புல்லில் நிமிர்த்தியதும் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

வீடு அதிர்ந்தது. யாரோ என்னைத் தூக்கினார்கள்.

"கம்பத்தில பட்டு உள்ளுக்கு விழுந்ததைப் பாத்தியளே அண்ணை!"

"ஓம்," என்றேன். "நல்ல அடி."

கண்ணைத் திறந்தபோது பெரியவர் வாங்கில் இருந்தபடி மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தார்.