சூரியனைக் குறைக்கும் ஆபீஸ் எங்கே?

போன திங்கட்கிழமை மதியம் என் மச்சினன் சங்கரன் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டுக்கு வந்தான். சட்டை முழுக்க வியர்வை. கையில், அணையைத் திறக்கக் கேட்டு எழுதிய மனுவின் நகல். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கால்கடுக்க நின்றுவிட்டு நேரே இங்கே வருகிறான்.

சேரன்மகாதேவி பக்கம் அவனுக்கு வயல். கார் பருவ நெல் சாகுபடிக்கு, கிணற்றுத் தண்ணீரை நம்பி நாற்றுப் பாவிவிட்டான். அணையைத் திறந்தால்தான் நடவு. அணையிலோ தண்ணீர் இல்லை. மலையில் தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்த்ததோடு சரி. நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் போனால் மாட்டுக்குத்தான் போடவேண்டும்.

"மனு என்னாச்சுடே?" என்றேன்.

"வாங்கி வச்சுக்கிட்டாவ அத்தான். இன்னொரு ஆபீசுக்கு அனுப்புவோம்ங்காவ. அங்கன போனா, மழை பெய்யட்டும்ங்காவ. மழைக்கு எங்கன போயி மனு குடுக்க?"

என் மகள் வெளிநாட்டில் பருவநிலை ஆராய்ச்சி செய்கிறவள். லீவில் வந்திருக்கிறாள். மாமாவுக்கு ஆறுதல் சொல்லப்போகிறாளாம்... சொன்னாள்.

"மாமா, சூரிய வெளிச்சத்தையே கொஞ்சம் குறைக்கலாம்னு யோசிக்காங்க, தெரியுமா? விமானத்துல ரொம்ப உயரத்துக்குப் போயி கந்தகத்தைத் தூவுறது. அந்தத் துகள் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பிரும். பூமி குளிரும்."

சங்கரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏளா, நெசமாவா? எப்ப தூவப் போறாவ?"

"நாளைக்கேவா தூவுவான்? இன்னும் பேச்சுதாம்டே!" என்று எரிந்து விழுந்தேன்.

"சும்மா இருங்க அத்தான். இந்த வெயிலை எவன் கொறைச்சாலும் அவன் காலுல விழலாம்."

"ஆனா..." என்று இழுத்தாள் மகள். இந்த விஞ்ஞானிகளிடம் இதுதான் தொல்லை. நல்ல சேதி எல்லாம் 'ஆனா'வுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும்.

"ஆனா மழையும் குறையலாம் மாமா. கடலைவிடத் தரை சூடாகுறதாலதான் பருவக்காத்து நம்ம பக்கம் வருது. தரையைக் குளிர வச்சா காத்து மந்தமாகலாம்."

"குறையலாம், ஆகலாம்னா? குறையுமா, குறையாதா?" என்றேன்.

"எங்க தூவுறாங்க, எவ்வளவு தூவுறாங்கங்கறதைப் பொறுத்ததுப்பா. ஒரு கம்ப்யூட்டர் கணக்குல மழை குறையுது, இன்னொண்ணுல கூடுது. உலகச் சராசரியில பெரிசா தெரியாது."

சராசரி! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கோ வெள்ளம், இங்கே வறட்சி — கூட்டி வகுத்தால் எல்லாரும் சௌக்கியம். திருநெல்வேலி டவுனில் தென்மேற்கு மழை பேருக்குத்தான் தூறும். மலையில் கொட்டுவது ஆற்றில் இறங்கி வந்தால்தான் இங்கே சோறு. அந்த மழை கொஞ்சம் தள்ளிப் போய்ப் பெய்தாலும் எங்கள் கதை முடிந்தது. சராசரியை வயலில் பாய்ச்ச முடியுமா? நீங்களே சொல்லுங்கள். புகை விட்டுச் சூடாக்கியது யாரோ. குளிர வைக்கிறேன் என்று கிளம்புவதும் யாரோ. காய்வது மட்டும் சங்கரனின் நாற்றா?

இதையெல்லாம் கத்தித்தான் சொன்னேன். மகள் அசரவில்லை.

"அப்ப இப்படியே சூடாகட்டும்னு விட்டுரலாமாப்பா? இப்ப மட்டும் மழை ஒழுங்காவா பெய்யுது?"

அவள் கேட்பதும் நியாயம். அதுதான் இன்னும் எரிச்சல்.

சங்கரன் விடவில்லை. "தூவிப் பாப்போம். சரிவரலன்னா நிறுத்திரலாம்லா?"

"பட்டுனு நிறுத்தக் கூடாது மாமா. அதுவரைக்கும் அமுக்கி வச்ச சூடு மொத்தமா ஏறிரும்."

"இது என்னளா, புலிவாலப் புடிச்ச கதையா இருக்கு!" என்றவன், மனு நகலை எடுத்து மேசைமேல் விரித்தான். "சரி, தூவணுமா வேண்டாமான்னு யாரு முடிவு பண்ணுவா? அந்த ஆபீசு அட்ரஸக் குடு. எங்க பக்கத்து மழையில கை வச்சிராதீங்க சாமின்னு இப்பமே ஒரு மனு எழுதிப் போட்டுருதேன்."

நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை.

"அப்படி ஒரு ஆபீஸே கிடையாது மாமா. எல்லா நாட்டுக்கும் பொதுவா முடிவெடுக்க இன்னும் யாரும் இல்ல. வசதி இருக்குற எந்த நாடும் தானாவே ஆரம்பிச்சிரலாம்."

சங்கரன் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

"ஆபீசே கெடையாதா? அப்ப அந்த வேலை டக்குனு நடந்துரும் அத்தான்."