சயாம் போகிறவர்களுக்குப் பதினேழு குறிப்புகள்

மலாயாவில் குருணிலிருந்து சயாமுக்கு ரயிலில் போகிறவர்கள் வலது பக்கம் உட்கார வேண்டும். மத்தியானத்துக்கு மேல் இடது பக்கம் வெயில் அடிக்கும். அங்கே போய் இறங்கியதும் பிள்ளைகளின் தலையைத் தொட்டுக் கொஞ்சக் கூடாது. கோயிலில் காலை நீட்டி உட்காரக் கூடாது. யானை வந்தால் வழிவிட வேண்டும். உப்பு கையோடு கொண்டுபோக வேண்டும். மிளகாய் கொண்டுபோனால் இன்னும் நல்லது, ஒரு கைப்பிடி மிளகாய்க்கு ஒரு வாத்து கொடுப்பார்கள்.

இப்படி மொத்தம் பதினேழு குறிப்புகள். பதினெட்டு என்று என் தங்கை சாதிக்கிறாள். அவளுக்கு அப்போது நான்கு வயது, அவள் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது? எனக்கு ஒன்பது. எழுதியவனும் நான்தான். ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் கிடந்த பழைய தாள்களின் பின்புறத்தில் நான்கு படிகள் எழுதினேன். ஆனாலும் அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம், ஒன்று விட்டுப்போயிற்றோ என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்கார மேனேஜர் ஓடிப்போய், எங்கள் தோட்டம் கணக்கெழுதும் கிராணியின் கையில் இருந்தது. ஒரு நாள் காலை, ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில், கிராணி ஒரு தாளைப் பார்த்துப் பதினான்கு பெயர்களை வாசித்தார். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம், சாப்பாடு அவர்களே போடுவார்கள், திங்கட்கிழமை லாரி வரும் என்றார். ஆறாவது பெயர் என் அப்பாவுடையது.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் மூவர். வளர்ந்த ஆண்கள் இருவர், அப்பாவும் அவர் தம்பியான என் சித்தப்பாவும். தோட்டத்துப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் மட்டுமே இருந்தது. சித்தப்பா பிந்தி வந்தவர், மரவள்ளித் தோட்டத்தில் கூலிக்கு நிற்பவர், கல்யாணம் ஆகாதவர். வருவதற்கு முன் இரண்டு வருடம் மாட்டு வியாபாரி ஒருவனோடு சயாமில் சுற்றியதாகச் சொல்லிக்கொள்வார். அதுவரை அந்தக் கதையை யாரும் பெரிதாக மதித்ததில்லை. பெயர் வாசித்த அன்று மாலையே பதின்மூன்று பேர் எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

"தண்ணி எப்படிண்ணே அங்க?"

"காய்ச்சித்தான் குடிக்கணும். ஆத்துத் தண்ணி செம்மண்ணு நெறத்துல இருக்கும்லா, பார்த்துப் பயந்துடாத."

"அரிசி?"

"அரிசிக்கு என்னா? இங்கமாதிரி மரவள்ளிக் கெழங்கையா திங்கப் போற?"

உறுமி அடிக்கும் ஒருவர் இருந்தார். அவர் தயங்கித் தயங்கி, "மாரியம்மா கோயில் இருக்கா அங்க?" என்று கேட்டார். சித்தப்பா கொஞ்சம் யோசித்தார்.

"நாம போனா இருக்கும்லா" என்றார். உறுமியையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

சயாம் எண்களையும் சொல்லிக்கொடுத்தார். எண்களென்றால் எனக்கு உயிர். தமிழில் எண்ணுவேன், மலாயில் எண்ணுவேன், பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்ததால் ஜப்பான் பாஷையிலும் எண்ணுவேன். சயாம் எண்கள் பத்தையும் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு வரவில்லை. நான் முன்னால் சொல்ல, பதின்மூன்று பேரும் பின்னால் சொன்னார்கள்.

அப்பா மட்டும் இரண்டு நாட்கள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து ஓரமாகக் குந்தினார். எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "கடுதாசி போட முடியுமா?" என்றார்.

சித்தப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "வாரம் ஒண்ணு போடலாம்ணே" என்றார்.

அது பதினேழாவது குறிப்பு.

ஞாயிற்றுக்கிழமை சயாம்காரி வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் சயாம்காரர்கள் குடியிருக்கும் ஒரு கம்பம், சின்னக் கிராமம், இருந்தது. அங்கிருந்து மாதம் ஒரு முறை உப்பும் புகையிலையும் கொண்டுவந்து பழைய துணிக்கு மாற்றிக்கொண்டு போவாள். அவளிடம் என் திறமையைக் காட்டாமல் இருக்க முடியுமா? எதிரே போய் நின்று ஒன்று முதல் பத்து வரை அவள் பாஷையில் எண்ணினேன்.

அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு உப்பு மூட்டையில் தெறித்தது. முதல் மூன்றும் சரி என்றாள். நான்காவதிலிருந்து எந்த ஊர்ப் பாஷை என்று மலாயில் கேட்டாள். பிறகு அவளே சொல்லிக்கொடுத்தாள். நெங், சோங், சாம், சீ, ஹா, ஹோக், செட், பேட், காவ், சிப். ஏழு எண்கள் தப்பு. பத்தில் ஏழு!

நான் குழாயடிக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை குளிப்புக்காக எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். சித்தப்பாவும் இருந்தார், அப்பாவும் இருந்தார். ஏழு எண்கள் தப்பு என்று உரக்கச் சொன்னேன். சரியானதையும் ஒப்பித்துக் காட்டினேன். யாராவது முதுகில் தட்டிக்கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒருவர் சிரித்தார். "அடப்பாவி, அப்ப அந்த வாத்து?"

"வாத்தும் பறந்துடுச்சுடா!"

"ஒரு கைப்பிடி மொளகாய்க்குக் கொரங்குகூட வராது போலிருக்கே!"

உறுமிக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப ரெண்டு வருசம் எங்கதாண்டா இருந்த?" என்று கேட்டார்.

சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "பண்டார் பாருவுல. சாயாக்கடையில கோப்பை கழுவினேன்."

பண்டார் பாரு எங்கள் கெடா மாநிலத்தின் தெற்குக் கோடி. சயாம் இருப்பது வடக்கே. மறுபடி ஒரு சிரிப்பு எழுந்து, பாதியிலேயே நின்றுபோயிற்று. சயாமைப் பார்த்தவர் தோட்டத்தில் ஒருவர்கூட இல்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். அப்பா ஈர வேட்டியோடு எழுந்து வீட்டுக்குப் போனார். அம்மா அவருக்காகக் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்து உப்பையும் மிளகாயையும் வெளியே எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துக் கட்டினாள்.

பொழுது சாயுமுன் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் பொம்பள சொன்னத எனக்குச் சொல்லிக் குடுடா" என்றார்.

வாத்தியாராகக் கிடைத்த வாய்ப்பை நான் விடவில்லை. எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆறையும் ஏழையும் அவர் மாற்றி மாற்றிச் சொன்னார். ஒவ்வொரு தப்புக்கும் ஈர்க்குச்சியால் அவர் விரல்முட்டியில் ஒரு அடி. மொத்தம் பதினோரு அடி அடித்தேன். கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

பத்தும் வந்த பிறகு கேட்டார்: "தண்ணிக்கு என்னான்னு சொன்னா?"

"அதக் கேக்கல."

"காய்ச்சலுக்கு?"

"எண்ணுறது மட்டுந்தான் கேட்டேன்."

"பரவால்லடா" என்றார்.

பொய் பிடிபட்ட வெட்கத்தில் படிக்கிறார் என்றே நினைத்தேன். வீட்டில் இருக்கப்போகிறவருக்குச் சயாம் எண் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. நான் காட்டிக்கொடுத்ததில் வெட்கப்பட்டு முடிவெடுத்தாரா, அப்பா கடுதாசியைப் பற்றிக் கேட்டபோதே முடிவெடுத்துவிட்டாரா? இதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. நான் எத்தனையோ முறை இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் லாரி பெரட்டுக்களத்துக்கு வந்தது. ஒரு ஜப்பான் சிப்பாய் கையில் பிரம்போடு நின்றான். கிராணி பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக ஏறினார்கள். அப்பாவின் பெயர் வந்தபோது, "இருக்கேன்" என்றது சித்தப்பாவின் குரல். அவர் அப்பாவின் தோளிலிருந்து மூட்டையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு பிள்ளைங்க இருக்குலாண்ணே. விடு."

அப்பா விடவில்லை. சிப்பாய் பிரம்பை ஓங்கி ஏதோ கத்தினான். அப்போதுதான் விட்டார். கிராணி இரண்டு பேரையும் பார்த்தார், குனிந்து தாளில் ஒரு கோடு கிழித்தார்.

குருண் ரயிலடியில் அவர்களை ஏற்றியது சரக்குப் பெட்டியில் என்று பிற்பாடு தெரியவந்தது. அதில் சன்னல் கிடையாது, வலது பக்கம் இடது பக்கம் என்றும் ஒன்றும் கிடையாது. ஜப்பான் சண்டை ஓய்ந்த பிறகு மூன்று பேர் திரும்பி வந்தார்கள். சித்தப்பா அவர்களில் இல்லை. கடுதாசியும் ஒன்றுகூட வரவில்லை. திரும்பியவர்களிடம் அப்பா எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று காலையில் எனக்கு வேறு வேலை இருந்தது. எல்லோரும் ஏறி முடிந்ததும் சிப்பாய் பிரம்பால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி ஜப்பான் பாஷையில் எண்ணத் தொடங்கினான். நானும் கீழே நின்று அவனோடு எண்ணினேன். அவன் எங்கே தவறுகிறான் பார்க்கலாம் என்று கவனமாகவே எண்ணினேன். தவறவில்லை. ஆறாவது தலை சித்தப்பாவுடையது. கடைசித் தலையோடு பதினான்கு.

"சரியா இருக்கும்மா, பதினாலு!" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். கணக்கு சரியாக இருக்கும்போது ஏன் பொத்துகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கையை விலக்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.