காய்க்காத கை

விவசாயம் படிச்சுப் பட்டம் வாங்கின என்னைய, பண்ணை வேலைக்கு லாயக்கில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்து வீடுகள்லருந்து கெம்பஸ் போயிப் படிச்சது நான் ஒருத்தன்தான். வந்ததும் உத்தியோகம், இருக்க கோட்டர்ஸ்னு அம்மா நம்பிச்சு. நானுந்தான். விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓஞ்சு போனேன். கூடப் படிச்சவன் ஒருத்தன் போன் கடையில நிக்கிறான், ஒருத்தி ஹோட்டல்ல அறைச் சாவி குடுத்துக்கிட்டு இருக்கா. கடைசியா, வெளிநாட்டுப் பண்ணைக்கு ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போக நானுஓயாவுல வேன் ஏறினேன்.

மண்ணப் பத்திக் கேப்பாங்கன்னு வழியெல்லாம் நோட்ஸ் பொரட்டினேன். ஆள் எடுக்க வந்திருந்தவரு ஒன்னுமே கேக்கல. "கைய விரிங்க"ன்னாரு. துணிக்கடையில துணி பாக்குற மாதிரி உள்ளங்கைய அமுக்கிப் பாத்தாரு.

"தம்பி மம்பட்டி புடிச்சதே இல்லையே. கை காப்புக் காய்ச்சதும் வாங்க, அடுத்த மாசமும் ஆள் எடுப்போம்."

பட்டத்தச் சொன்னேன்.

"அத வெளிய சொல்லிராதீங்க. படிச்சவன்னா எடுக்க மாட்டாங்க."

பின்னால நின்னவன் கைய நீட்டினான், அவன எடுத்துக்கிட்டாங்க.

லயத்துக்குப் பின்னால நாங்க கரட் கெழங்கு போடுற துண்டு நெலம் இருக்கு. கொழுந்து பறிச்சிட்டு வந்து அம்மாதான் கொத்தும். நான் மம்பட்டியத் தொட்டா புடுங்கிரும். எங்க பக்கம் படிக்கிற புள்ளைய அப்படித்தான் வளப்பாங்க, கை வேலைக்குப் பழகிட்டா படிப்பு நிக்காதுன்னு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நடந்ததச் சொன்னேன். அம்மா அடுப்புல வெறகத் தள்ளிக்கிட்டே சொல்லுச்சு.

"வெவசாயம் படிக்க வச்ச நானே மம்பட்டிய தொடவிடாம வளத்துட்டேனே."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. யார் மேலன்னுதான் தெரியல.

அதுலருந்து விடிஞ்சா நான்தான் கொத்துறேன். கொப்புளம் ஒடஞ்சு, சோத்துல கை வச்சா எரியுது. அம்மா வேலைக்குப் பொறப்படுறப்ப வந்து என் கைய அமுக்கிப் பாத்துட்டுத்தான் போகும்.

நேத்தும் பாத்துச்சு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"காய்ச்சிருச்சுப்பா. இனி உன்னைய எடுத்துருவாங்க."

பட்டம் வாங்கின அன்னைக்குக்கூட அம்மா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.