உள்ளே ஒதுங்கிய கோடு

குடிநீர் மோட்டார் அறையிலேயே வேலைக்காலம் முழுதும் ஓடியதால், அப்பாவுக்குத் தெருவில் 'மோட்டார்' என்றுதான் பெயர். இரைச்சலில் காது பாதி மந்தம். அவர் ரகசியம் சொன்னால் நாலு வீடு திரும்பிப் பார்க்கும்.

கழுத்துக் கட்டி புற்றுநோய் என்றானதும் சிவப்பு மருந்து ஏற்றினார்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து இதயத்தையும் தளர்த்தலாம். அதனால் இடையிடையே எக்கோ, இதயத்தை ஸ்கேன் செய்யும் படம். எடுப்பவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே எக்கோ வேலை பார்க்கும் மகள், வேறு யாரையும் அவர் தொடவிடவில்லை.

"பெத்ததுக்கு ஓசியில ஒரு படம் எடுக்க மாட்டியா?"

அன்றும் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஜெல் தடவினாள். திரையில், விரிந்த இதயத்தின் உட்சுவரை ஒட்டி ஒரு கோடு வரைந்தாள். சுருங்கிய இதயத்துக்கு இன்னொன்று. இரண்டையும் வைத்து இயந்திரம் இதயத்தின் பலத்தை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். ஐம்பத்தைந்து. நல்ல எண்.

ஆனால் இரண்டாவது கோடு சுவரில் இல்லை. உள்ளே ஒதுங்கியிருந்தது. இதயம் நன்றாகச் சுருங்குவதாகக் காட்டும் பொய்க்கோடு. அழித்து வரைந்தாள். கண் சுவரைப் பார்த்தது. கை அதே இடத்தில் உள்ளே போனது. மறுபடியும். யாரோ மணிக்கட்டைப் பிடித்து நகர்த்துவதுபோல் இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். தன் கைதான்.

"எத்தனைம்மா?" அப்பா கத்தினார். "இன்னும் ரெண்டு ஊசிதானே? முடிஞ்சா கழுத்து நம்ம கழுத்து."

அந்த இரண்டு ஊசியும் இந்தக் கோட்டில் தொங்கின. எண் இறங்கினால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

"கை சரியில்லப்பா. அக்காவைக் கூப்பிடுறேன்."

பக்கத்து அறையில் எக்கோ எடுக்கும் சீனியர் அக்கா வந்தாள். "சொந்த அப்பனுக்கு வரையாதடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

ஒரே முறை வரைந்தாள். நாற்பத்திரண்டு.

மகள் அதையே அனுப்பினாள். மருத்துவர் மருந்தை நிறுத்தினார்.

"மோட்டார் புகையுறப்போ நிறுத்தாம ஓட்டினா, அவன் மடையன். நீ செஞ்சது சரி," என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கும்படி.

இதயம் தேறியது. கட்டி திரும்பியது. வேறு எந்த மருந்துக்கும் அது மசியவில்லை.

ஒரு மதியம் அவர் மூச்சு நின்றது. அம்மா அடுக்களையில் இருந்தாள். மகள் அவர் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே இதயம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. காலிசெய்துவிட்டுப் போன வீட்டில் யாரோ நிதானமாக நடமாடுவதுபோல.

அது நிற்கும்வரை அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை.