தொட்டி மூடியில் தொங்கிய அட்டை

என் அப்பா தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர். வேலைக்குப் போகிற எந்தக் கட்டடத்திலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டில் காய்ச்சி ஆறவைத்ததை இரண்டு பாட்டில்களில் எடுத்துப் போவார். "அவங்க குடுத்தா வாங்கிக்கலாமேப்பா" என்று சின்ன வயதில் கேட்டால், "உள்ள பாத்தவன் குடிப்பானா?" என்பார். பிறகு, உள்ளே என்ன பார்த்தார் என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார். அம்மா கரண்டியால் தட்டைத் தட்டுவார். "போதும். சோறு உள்ள இறங்கட்டும்."

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. நாற்பது பேர் மருத்துவமனை ரசீதுகளைக் கணினியில் ஏற்றும் ஓர் அலுவலகத்தில் நிர்வாக உதவியாளராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம்.

மதியம் இரண்டு மணிக்குமேல் பாதிப் பேருக்குக் கண் சொருகும், பிழைகள் கூடும். மேலாளர் எங்கோ படித்துவிட்டு வந்து, "தண்ணி குடிச்சா மூளை சுறுசுறுப்பா இருக்கும். ஆளுக்கு எட்டு டம்ளர்" என்று சட்டம் போட்டார். ஒவ்வொரு மணிக்கும் மணி அடிக்கும். குடித்தவர்கள் சுவரில் ஒட்டிய தாளில் டிக் போட வேண்டும். அன்றிலிருந்து அவர் பெயர் டம்ளர் சார். நீலத் துளிப் படம் போட்டு அந்தத் தாளைத் தயாரித்தது நான். பெருமையாகக்கூட இருந்தது.

சுறுசுறுப்பு வரவில்லை, கழிப்பறை வரிசைதான் நீண்டது. "எட்டு டம்ளர் உள்ள போகுது, நான் பதினாறு தடவை போறேன்" என்றார் கணக்குப் பிரிவு அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு குழாயில் தண்ணீர் நூல்போல விழ ஆரம்பித்தது.

"உங்க அப்பா இந்த வேலைதானேம்மா? வரச் சொல்லு" என்றார் டம்ளர் சார்.

அப்பாவை நான்தான் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். அதற்குமுன் ஒரு நாளும் நான் அங்கே ஏறியதில்லை. மூடியைத் தூக்கியதும் எழுந்த நாற்றத்தில் குமட்டியது. தண்ணீரின்மேல் ஏடு கட்டியதுபோல ஒரு பழுப்புப் படலம். அப்பா கழியால் விலக்கினார். ஊறி உப்பிய இரண்டு பல்லிகள். கொழகொழவென்று இறகுகள். அடியில் கூழ்போலச் சேறு. அன்று காலை நான் இரண்டு டிக் போட்டிருந்தேன்.

அதற்குமேல் அப்பா உள்ளே பார்க்கவில்லை. மூடியின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி கழுவிய தேதிகள், ஐந்து மாதத்துக்கு ஐந்து வரிகள்.

அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அவருடைய வேலைச் சீட்டுகளைப் பள்ளிக் காலத்திலிருந்து நான்தான் எழுதுகிறேன். ஏழுக்கு நடுவே கோடு போடுவேன்.

"இது உன் ஏழு" என்றார்.

"ஆமாப்பா."

"மேல வந்து பாத்தியா?"

"இல்லப்பா. தேதி போட்டுக் குடுன்னு சார் சொல்வாரு. வாட்ச்மேன் எடுத்துட்டுப் போவாரு. வேலை நிரந்தரமாகணுமேன்னு…"

"இந்தத் தண்ணியத்தான் நீயும் குடிச்சியா?"

தலையாட்டினேன். அப்பா திரும்பிக் காறித் துப்பினார். என் பக்கம் அல்ல. இருந்தும் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தோன்றியது. பதினைந்து வருடம் படித்தது, பார்க்காததை அழகான கையெழுத்தில் எழுதத்தானா?

தொட்டிக்குள் கிடந்ததைக் கட்டடத்துக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் அப்பா எங்கும் கழுவ இறங்குவார். பல்லிகளையும் சேற்றையும் வாளியில் அள்ளினார். தூக்கக் குனிந்தவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். "நான் காட்டறேன்பா."

கீழே பதினோரு மணி அடித்தது. எல்லோர் கையிலும் டம்ளர்.

"குடிக்காதீங்க!" வாளியை டிக் தாளுக்குக் கீழிருந்த மேசையில் வைத்தேன். கணக்குப் பிரிவு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

"மூடும்மா அத" என்றார் டம்ளர் சார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வேலை நிரந்தரமாகணுமா, வேணாமா?"

"அட்டையில இருக்கிற அஞ்சு தேதியும் பொய் சார். நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. தைரியம் என்று சொல்லமாட்டேன். அதற்குமேல் உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

மாடிக்குத் திரும்பி அட்டையின் ஐந்து வரிகளையும் கோடு போட்டு அடித்தேன். அதே வேகத்தில் ஆறாவது வரியில் அன்றைய தேதியை எழுதப் போனேன். தண்ணீரை வடியவிட்டு முழங்கால் சேற்றில் நின்றிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"இன்னும் கழுவவே இல்லயே. என்னத்த எழுதற?"

பேனாவை மூடினேன்.